வீடியோ சொல்லும் பாடமும் வீடு கேட்க வேண்டிய கேள்வியும்



இம்மாதம் இப்பகுதியில் பிள்ளைகளின் கைப்பேசியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், 'மறுபடியும் அந்தப் புலம்பலா?' என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். கைப்பேசியால் விளையும் கேடுகளைக் கேட்டுக் கேட்டு நம் காதுகள் புளித்துவிட்டன. அதே கருவியின் வழியாக வீட்டுக்கு வந்து சேரும் வீடியோ பாடங்களால் உண்டாகும் நன்மை யாது, அந்த நன்மை பல வீடுகளில் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போவது ஏன் என்பதையே இன்று பார்க்க இருக்கிறோம்.

சென்ற கல்வியாண்டில், அரையாண்டு விடுமுறையின்போது, எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு சகோதரி தம் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டிற்கு வந்தார். கணவர் சவூதி அரேபியாவில், தம்மாம் நகரில் வேலை பார்க்கிறார். மகள் பத்தாம் வகுப்பு மாணவி. அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் அவள் பெற்றது 27 மதிப்பெண். தேறுவதற்கு 35 வேண்டும்.

"காக்கா, இவள் படிப்பிற்கென்றே அவர் புதுக் கைப்பேசி வாங்கி அனுப்பினார். நாள்தோறும் மூன்று மணி நேரம் பாட வீடியோதான் பார்க்கிறாள். வேறு எதையும் பார்ப்பதில்லை. நானே பக்கத்தில் இருந்து கவனிக்கிறேன். அப்படியும் இந்த மதிப்பெண்தான் வந்திருக்கிறது. 'இவளுக்குப் படிப்பு ஏறாது, பத்தாவதோடு நிறுத்திவிடலாம்' என்று மச்சான் சொல்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்று கேட்டார் அந்தச் சகோதரி. அவர் குரல் தழுதழுத்தது.

சிறுமியோ கதவோரத்தில் தலைகுனிந்து நின்றாள். "வீடியோவில் பாடம் புரிகிறதா, மகளே?" என்று கேட்டேன்.

"பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, மாமா. தாளை எடுத்து வைத்தால்தான் ஒன்றும் வரவில்லை" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. சோம்பேறியும் அல்லள். அவளுடைய தொல்லை இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தொல்லை. அதற்கு விடை காண வேண்டுமானால், வீடியோவுக்கு எது இயலும், எது இயலாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் உறவுக்காரத் தங்கைக்குச் சொன்ன பாடம்

உலகெங்கும் பெயர் பெற்ற ஒரு வீடியோ கல்வி நிலையம் ஒரு குடும்பத்திற்குள்ளேதான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் வாழும் வங்காள வமிசாவளியினரான சல்மான் கான் என்பவர் 2004ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் நிதித்துறையில் பணிபுரிந்து வந்தார். தொலைதூரத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் வாழ்ந்த அவருடைய உறவுக்காரத் தங்கை ஒருத்தி கணிதத்தில் தடுமாறினாள். அலுவலகம் முடிந்த பிறகு தொலைபேசியிலும் கணினியிலுமாக அவளுக்குப் பாடம் சொல்லித் தந்தார். அவள் தேறினாள். செய்தி பரவியது, மற்ற உறவினர் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லித்தர நேரம் போதாமல், 2006ஆம் ஆண்டில் பாடங்களைச் சிறு சிறு வீடியோக்களாகப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினார். அதுவே 2008இல் கான் அகாடமி என்ற இலாப நோக்கற்ற நிறுவனமாயிற்று. 2009இல் தம் வேலையையே விட்டுவிட்டு அதில் முழுமூச்சாக இறங்கினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. 'நீங்கள் நேரில் சொல்லித் தருவதைவிட வீடியோவில் சொல்லித் தருவதே எங்களுக்குப் பிடித்திருக்கிறது' என்ற பொருளில் அந்தப் பிள்ளைகள் அவரிடம் கூறினார்களாம்! இதை அவரே பின்னாளில் மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். காரணமும் சொன்னார். நேரில் இருக்கும் அண்ணனிடம், 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று நான்காவது முறை கேட்கக் கூச்சமாக இருக்கும். வீடியோவை நாற்பது முறை நிறுத்திக் கேட்டாலும் அது சலித்துக்கொள்ளாது. முகம் சுளிக்காது. 'போன வருடமே நடத்தியதாயிற்றே, இதுகூடத் தெரியாதா?' என்று கேட்காது.

வீடியோவின் முதற்சிறப்பு இதுவே. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே எழுந்து நின்று ஐயம் கேட்கத் தயங்கும் பெண்பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு, தமக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தவும், வேண்டிய இடத்திற்குத் திரும்பவும் கிடைத்திருக்கும் உரிமை சாதாரணமானதல்ல.

இரண்டாவது சிறப்பு, செய்முறையைக் கண்ணால் காண்பது. பாடநூலில் ஒரு வடிவியல் படம் அச்சாகியிருக்கிறது என்றால், அது முடிந்துபோன படம். எந்தக் கோடு முதலில் வந்தது, கவராயத்தின் முள்ளை எங்கே ஊன்றினார்கள் என்பதை அச்சுப்படம் சொல்லாது. வீடியோவிலோ கை அசைகிறது. கோடு ஒவ்வொன்றாகப் பிறக்கிறது. தையலும் இப்படித்தான், வேதியியல் ஆய்வகச் சோதனையும் இப்படித்தான். அரபு எழுத்துகளை உச்சரிக்கும்போது உதடும் நாக்கும் எப்படி நிற்க வேண்டும் என்பதையும் கண்ணால் பார்த்துக் கற்பது எளிது.

மூன்றாவது சிறப்பு, தூரம் தடையாகாமல் போவது. சென்னை முதலிய நகரங்களின் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ஆம் ஆண்டில் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் வழியாக, அங்குள்ள பேராசிரியர்களின் விரிவுரைகளை எந்தக் கிராமத்து மாணவரும் கட்டணமின்றிக் காணலாம். 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டு அரசின் புதிய பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால் அந்தப் பாடத்திற்கான துணைப் பாடங்கள் திறக்கின்றன. வெளியூர் சென்று தனிப்பயிற்சி பெற வாய்ப்பில்லாத பெண்பிள்ளைக்கு இவையெல்லாம் பெரும் செல்வம் அல்லவா?

புரிந்தது போன்ற மயக்கம்

இத்தனை சிறப்புகள் இருந்தும் அந்தச் சிறுமிக்கு ஏன் 27 மதிப்பெண்?

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் என்பவர் இயற்பியல் வீடியோக்களைப் பற்றி ஆய்வு செய்து 2008இல் முனைவர் பட்டம் பெற்றார். தெளிவாக, தங்குதடையின்றி விளக்கும் வீடியோவை ஒரு சாரார்க்குக் காட்டினார். ஒருவர் தவறான கருத்தைச் சொல்ல, மற்றவர் அதை எடுத்துக்காட்டித் திருத்துவது போன்ற உரையாடல் வீடியோவை மற்றொரு சாரார்க்குக் காட்டினார். முதல் சாரார், 'மிகத் தெளிவாக இருந்தது, எளிதாகப் புரிந்தது' என்றனர். ஆனால் தேர்வு வைத்தபோது அவர்கள் முன்னேறியது மிகச் சொற்பம். இரண்டாம் சாரார் குழப்பமாக இருந்தது என்று குறைபட்டுக்கொண்டனர். அதிகமாகக் கற்றவர்களோ அவர்கள்தாம்! தம் மனத்திலிருந்த தவறு எது என்று அவர்கள் சிந்திக்க வேண்டியிருந்தது. முன்னவர்களுக்கு அந்த வேலையே இருக்கவில்லை.

'பார்க்கும்போது எல்லாம் புரிகிறது' என்று எங்கள் தெருச் சிறுமி சொன்னதன் உட்பொருள் இதுதான். பிறர் சமைப்பதை மூன்று மணி நேரம் பார்த்தவர், சமையல் தமக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதைப் போன்றது இது. அடுப்பைப் பற்ற வைக்கும்போதுதான் உண்மை தெரியும்.

மற்றொன்று, நீளம். இணையவழிப் பாடங்களில் ஏறத்தாழ 69 இலட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் ஒன்றி இருந்த நேரத்தின் இடைநிலை அளவு அதிகம் போனால் 6 நிமிடம்தான் என்று அது காட்டியது. அப்படியிருக்க, மூன்று மணி நேரம் இடைவிடாமல் பார்த்தால் கண் திரையில் இருக்கும். மனம் எங்கோ இருக்கும்.

இதற்கு மருந்தும் கண்டறியப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 21 நிமிட வீடியோ பாடம் ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு சாரார்க்கு ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் அப்பகுதியிலிருந்து சில கேள்விகள் கேட்கப்பட்டன. மற்றவர்களுக்கு அவ்வாறு கேட்கவில்லை. கேள்வி கேட்கப்பட்டவர்களின் மனம் அலைவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் அதிகமாகக் குறிப்பெடுத்தனர். இறுதித் தேர்விலும் மேம்பட்டு நின்றனர். பாடமும் ஒன்றே, வீடியோவும் ஒன்றே. இடையில் கேட்கப்பட்ட கேள்விகளே வேறுபாட்டை உண்டாக்கின!

இது நமக்குப் புதிய செய்தியா? நம் ஊர் மக்தபுகளில் நடப்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். உஸ்தாது ஓதிக் காட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறதா? நேற்றைய பாடத்தைப் பிள்ளை ஓதிக் காட்ட வேண்டும்; உஸ்தாது செவிமடுத்துப் பிழை திருத்துவார்; பிறகுதான் இன்றைய பாடம். கேட்பது பாதி, ஓதிக் காட்டுவது மறுபாதி. வீடியோ நமக்கு முதல் பாதியை மட்டுமே தருகிறது. மறுபாதியைத் தர ஓர் ஆள் வேண்டும்.

இவ்வுண்மையைத் தமிழ்நாடு பட்டறிந்தே உணர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பெருந்துணையாக அமைந்தது. பாடங்கள் வீடு தேடி வந்தன. அதை யாரும் மறுக்க முடியாது. என்றாலும், பள்ளிக்குச் செல்லாத காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை அரசு தொடங்க வேண்டியதாயிற்று. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தெருவிலேயே மாலைவேளையில் தன்னார்வலர்கள் அமர்ந்து சொல்லிக் கொடுத்தனர். திரைக்கு முன்னால் இருந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

நான்கு சென்டிமீட்டர்

இவற்றையெல்லாம் அந்தச் சகோதரியிடம் என்னால் இயன்றவரை எளிமையாக எடுத்துரைத்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி: "நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், காக்கா. பத்தாம் வகுப்புக் கணக்கில் இவளிடம் நான் எதைக் கேட்பேன்?"

அப்போது சிறுமியின் கையில் செய்முறை வடிவியல் பாடம் இருந்தது. வட்டத்திற்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து அவ்வட்டத்திற்குத் தொடுகோடுகள் வரைய வேண்டும். நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். வட்டத்தின் ஆரம் 3 சென்டிமீட்டர்; மையத்திலிருந்து வெளிப்புள்ளி 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தாயிடம், "இவள் வீடியோவை ஒருமுறை பார்க்கட்டும். பிறகு கைப்பேசியை நீங்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இவள் வரைந்து முடித்ததும், புள்ளியிலிருந்து வட்டத்தைத் தொடும் இரண்டு கோடுகளையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டும் 4 சென்டிமீட்டர் இருந்தால் சரி, இல்லையென்றால் தவறு" என்றேன்.

முதல் நாள் ஒரு கோடு மூன்றரை, மற்றொன்று நாலேகால்! சிறுமி மறுபடியும் வீடியோவைப் பார்த்தாள். இம்முறை சும்மா பார்க்கவில்லை. தான் எந்த இடத்தில் தவறினோம் என்று தேடிப் பார்த்தாள். மையத்தையும் வெளிப்புள்ளியையும் இணைக்கும் கோட்டின் சரியான நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்காமல், கண்ணளவாகவே குறித்திருந்தாள். திருத்தி வரைந்தாள். தாய் அளந்தார். நான்கு, நான்கு. ஐந்தாம் வகுப்போடு நின்ற அந்தத் தாய், தம் மகளின் பத்தாம் வகுப்புக் கணக்கிற்குத் தம் கையாலேயே 'சரி' என்று குறியிட்டார்.

அன்று முதல் அவ்வீட்டில் மூன்று மணி நேரம் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. பத்து நிமிடம் வீடியோ, இருபது நிமிடம் தாளில் செய்தல் என்று வகுத்துக்கொண்டார்கள். நூலின் பின்பக்கத்து விடைகளோடு ஒத்துப் பார்ப்பது தாயின் பொறுப்பு.

தம்மாமிலிருந்த தந்தையும் இதில் சேர்ந்துகொண்டார். வெள்ளிக்கிழமை விடுமுறையில் அவர் வீடியோ அழைப்பில் வரும்போது, மகள் கைப்பேசியைத் தாளுக்கு மேலே நிறுத்தி வைத்து, அவ்வாரம் படித்த பாடத்தை வாப்பாவுக்கு நடத்திக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை இந்தத் தொடுகோட்டுக் கணக்கை அவள் நடத்தினாள். நடுப்புள்ளியில் கவராயத்தை ஊன்றி இரண்டாவது வட்டம் வரைந்தபோது தந்தை, "வட்டம் ஒன்றுதானே கேட்டிருக்கிறார்கள்? இந்த இரண்டாவது வட்டம் எதற்கம்மா?" என்று கேட்டுவிட்டார்.

சிறுமிக்குப் பதில் தெரியவில்லை. வீடியோவைத் திரும்பப் பார்த்தாள். வரைவது எப்படி என்று அதில் இருந்தது. ஏன் என்று இல்லை. வீடியோவிடம் கேள்வி கேட்க முடியாது அல்லவா? திங்கட்கிழமை பள்ளியில் கணித ஆசிரியையிடம் கேட்டாள். அதுவரை வகுப்பில் வாய் திறந்து ஓர் ஐயமும் கேட்டறியாதவள் அவள்! ஆசிரியை விளக்கினார்: அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். அந்த இரண்டாவது வட்டம் முதல் வட்டத்தை வெட்டும் இடத்தில்தான் ஆரமும் நம் கோடும் செங்கோணத்தில் சந்திக்கும். ஆரத்திற்குச் செங்குத்தாக அதன் முனையில் நிற்கும் கோடுதானே தொடுகோடு! அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தந்தைக்கு அதைச் சொன்னாள். எட்டாம் வகுப்போடு கடல் கடந்து போன அந்தத் தந்தை, 'அப்படியா!' என்று வியந்தாராம்.

முதல் திருப்புதல் தேர்வில் 41, இரண்டாவதில் 54, பொதுத் தேர்வில் 63. மாநில அளவில் பரிசு பெறும் மதிப்பெண் அல்லதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் சேருவதற்கும், பெரியவாப்பாவின் வாயிலிருந்தே 'படிக்கட்டும்' என்ற சொல் வருவதற்கும் அது போதுமானதாக இருந்தது.

வீட்டார்க்குச் சில யோசனைகள்

வாசகர்களும் தம் வீடுகளில் செய்து பார்க்கலாம் என்பதற்காகச் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன்.

1. நீண்ட வீடியோவை ஒரே மூச்சில் பார்க்க விடாதீர்கள். ஐந்தாறு நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி, 'இதுவரை என்ன சொன்னார்?' என்று கேளுங்கள். பதிலின் சரி பிழை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். சொல்ல வேண்டும் என்ற எண்ணமே பிள்ளையின் மனத்தைக் கட்டி வைக்கும்.

2. கணக்கைச் செய்து காட்டும் வீடியோவாயின், கேள்வி திரையில் தோன்றியதும் நிறுத்திவிடுங்கள். பிள்ளை முதலில் தானாக முயலட்டும். தவறினாலும் குற்றமில்லை. தவறிய பிறகு பார்க்கும் விளக்கமே மனத்தில் தங்கும்.

3. எத்தனை மணி நேரம் பார்த்தாள் என்று கணக்கெடுக்காதீர்கள். எத்தனை கணக்குகளைத் தாளில் செய்தாள் என்று கேளுங்கள்.

4. ஒரு பாடத்திற்குப் பத்து ஆசிரியர்களின் வீடியோக்களைத் தேடி அலைய வேண்டாம். பள்ளிப் பாடநூலைத் தழுவிய ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிலைத்திருங்கள். அதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், அடுத்தடுத்துத் தாமாக ஓடிவரும் வேறு வீடியோக்களின் தொல்லையும் இராது.

5. வாரம் ஒருமுறையேனும் பிள்ளை ஆசிரியராகவும், நீங்கள் மாணவராகவும் அமருங்கள். வெளிநாட்டிலுள்ள தந்தையர்க்கு இது மிகவும் ஏற்றது. 'நன்றாகப் படிக்கிறாயா?' என்ற வழக்கமான கேள்விக்கு 'ம்' என்ற ஒற்றை எழுத்துத்தான் பதிலாக வரும். 'இந்த வாரம் படித்ததை எனக்குச் சொல்லிக் கொடு' என்று கேட்டுப் பாருங்கள்.

6. வீடியோ விடை சொல்லாத கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துப் பள்ளி ஆசிரியரிடம் கேட்கச் செய்யுங்கள். வீடியோ ஆசிரியருக்கு மாற்றன்று. ஆசிரியரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும் கருவி.

'இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்று தீர்ப்புக் கூறுவதற்கு ஒரு நொடி போதும். அந்தத் தீர்ப்பின் சுமையைச் சுமப்பதோ அந்தப் பிள்ளை. அதுவும் ஆயுள் முழுவதும்! அப்படி ஒரு சொல் உங்கள் வீட்டில் எழுந்தால், அதற்கு முன்பாக உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம், பக்கத்தில் அமர்ந்து ஓர் அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தோமா?